திருப்பி மாட்டிய லென்ஸ்

ஈப்போவுக்குத் தென்கிழக்கில் இருக்கும் குனோங் ராபாட் குன்றைக் குகைக் கோயில்களுக்காகத்தான் பலரும் அறிவார்கள். சாம் போ தோங், கெக் லோக் தோங் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. அதே சுண்ணாம்புக் குன்றிலிருந்து 2008-இல் ஒரு புதிய நத்தை இனம் விவரிக்கப்பட்டது. அதன் பெயர் ஒபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம். நத்தை ஓடு பொதுவாக ஓர் அச்சைச் சுற்றிச் சுருளும். இதன் ஓடு நான்கு அச்சுகளில் திசை மாறிச் சுருள்கிறது; நடுவே பழைய சுற்றை விட்டு விலகி, மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. இத்தனையும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டில் நடக்கிறது. வெறும் கண்ணுக்கு அது பாறையடி மண்ணில் கிடக்கும் ஒரு துணுக்குதான்.

இப்படிப்பட்ட உயிர்களைப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும், அதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் வேண்டும் என்று பலர் ஆசையோடு நின்றுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. கேமராவோடு வந்த லென்ஸும், அலமாரியில் தூங்கும் பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸும் போதும்.

ஒரு பொருளின் பிம்பம் சென்சாரில் அதே அளவில் விழுந்தால் அதை ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். மேக்ரோ என்று சொல்லத் தகுந்த அளவு அதுதான். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் எவ்வளவு கிட்டப் போனாலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு அளவுக்கே பிம்பம் தரும். அது கண்ணாடியின் குறை அல்ல. கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பிடிக்க லென்ஸ் சென்சாரை விட்டு விலகி முன்னே வர வேண்டும். அதன் குழாய் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் நீளாது. அந்த நீளத்தை நாமே கொடுத்துவிட்டால் தடை போய்விடுகிறது. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது இதற்குத்தான். கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் அது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். கணக்கும் எளிது. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், லென்ஸ் தொலைவுக்குக் குவிந்திருக்கும்போது கிடைக்கும் பெரிதாக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் பாதி அளவு தரும், 50 மி.மீ. வளையம் ஒன்றுக்கு ஒன்று தரும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸ், தூரத்துப் பெரிய காட்சியை அருகிலுள்ள சிறிய சென்சாரில் இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. மேக்ரோவில் நிலைமை தலைகீழாகிறது: பொருள் கிட்டத்தில், சிறியதாக இருக்கிறது, பிம்பம் தள்ளிப் பெரியதாக விழ வேண்டும். ஆகவே லென்ஸையும் தலைகீழாக்கினால் அதன் வடிவமைப்பு நமக்குச் சாதகமாகிறது. ஃபில்டர் மாட்டும் முன்பக்கத் திருகில் ரிவர்ஸ் ரிங் என்ற வளையத்தைப் போட்டுக் கேமராவில் பூட்டினால் போதும். லென்ஸின் முன்பக்க விட்டமும் (49, 52, 58 மி.மீ. போல) உங்கள் கேமராவின் மவுண்ட்டும் பார்த்து வாங்குங்கள். 50 மி.மீ. லென்ஸ் திருப்பினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், 28 மி.மீ. லென்ஸ் இரண்டு மடங்கையும் தாண்டும். லென்ஸின் குவியத் தூரம் குறையக் குறையப் பெரிதாக்கம் கூடும்.

திருப்பிய லென்ஸோடு கேமராவால் பேச முடியாது. ஆட்டோஃபோகஸ் போய்விடும், அப்பெர்ச்சரையும் கேமரா கட்டுப்படுத்தாது. அதனால்தான் அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் இங்கே புதியதைவிட உயர்ந்தது. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் தேடினால் இத்தகைய லென்ஸ் கண்ணில் படலாம். உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சைதான் லென்ஸின் முதல் எதிரி.

இதையெல்லாம் எங்கே முயன்று பார்ப்பது? குன்றுக்குப் போகும் முன் பழைய தோட்டப்புறத்துக்குப் போங்கள். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட இடங்களிலும், காடாகிப்போன ரப்பர்த் துண்டுகளிலும் கெரெங்கா எறும்பு இல்லாத இடம் அரிது. வேலையாள் எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில தம் கூட்டின் புழுக்களை வாயில் கவ்விவந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் இலைகளை ஒட்டும். ஒன்றுக்கு ஒன்று அளவில் அந்த வெள்ளை நூல் தெளிவாகத் தெரியும். எறும்புச் சாரியைக் கூர்ந்து பாருங்கள். ஒன்றுக்கு எட்டுக் கால்கள் இருக்கக்கூடும். அது கெரெங்காவைப் போலவே உருவம் கொண்ட தாவும் சிலந்தி, மிர்மாப்ளாட்டா பிளாட்டாலியாய்டஸ். முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டியபடி நடக்கும். வெறும் கண்ணை ஏமாற்றும் அந்த வேடம், திருப்பிய லென்ஸின் முன் அதன் பெரிய முன்கண்களால் கலைந்துவிடும்.

விடியற்காலைதான் நல்ல நேரம். குளிர்ந்த நேரத்தில் பால்மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக இறங்கும்; அதனால்தான் நம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் இருட்டிலேயே மரம் வெட்டக் கிளம்பினார்கள். அதே குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், இலையில் பனி நிற்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

மேக்ரோவில் உண்மையான சிரமம் இனிமேல்தான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் 8-இல்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. முழங்கையை உடலோடு ஒட்டி, மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்த வேண்டும். அப்பெர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதும் மழுங்கும். சென்சாருக்கு வரும் ஒளியும் எஃப் 8-இல் வருவதில் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே மிச்சப்பட்ட காசை ஃபிளாஷில் போடுங்கள். குறைந்த சக்தியில் அதன் வெளிச்சம் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் கை நடுக்கம் படத்தில் பதியாது. ஃபிளாஷ் முன் டிஷ்யூ காகிதமோ, வெள்ளைப் பால் பாட்டிலை வெட்டிய துண்டோ கட்டினால் வண்டின் முதுகில் கண்கூசும் வெள்ளைப் புள்ளி விழாது. விலை உயர்ந்த லென்ஸைவிட இந்தத் துண்டுதான் படத்தை மாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு பெரிதாக்கம் தேவைப்படாது. கோப்பெங் அருகே குவா தெம்புரோங், செமோர் அருகே குனோங் கந்தான் ஆகிய இடங்களின் பெயரைத் தாங்கிய லிபிஸ்தியஸ் சிலந்திகள் உண்டு; இரண்டும் 1997-இல் விவரிக்கப்பட்டவை. முதுகில் தகடு தகடாகக் கண்டம் பிரிந்த, மிகப் பழைய சிலந்தி வம்சம் அது. இவற்றின் வளையை மூடும் பொறிக்கதவைப் படமெடுக்க, கிட் லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் கண்ணாடியே போதும். குனோங் ராபாட் நத்தைக்கோ 200 மி.மீ. லென்ஸின் முகத்தோடு முகம் வைத்து ஒரு 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி இணைக்க வேண்டும். 200-ஐ 50-ஆல் வகுத்தால் நான்கு மடங்கு. ஒன்றரை மில்லிமீட்டர் ஓடு சென்சாரில் ஆறு மில்லிமீட்டராக விழும். ஏபிஎஸ்-சி கேமராவில் அது படத்தின் அகலத்தில் கால் பங்கு.

இந்தக் குன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு தீவுபோலத் தனித்து நிற்பவை. ஒரு குன்றில் வாழும் நத்தை அடுத்த குன்றில் இருக்க வேண்டுமென்பதில்லை. பகாங்கில் ஒரே ஒரு குன்றில் வாழ்ந்த பிளெக்டோஸ்தோமா சியாபிலம் என்ற நத்தை, அந்தக் குன்றைக் கல்லுடைத்துத் தரைமட்டமாக்கியபோது இனமே அற்றுப்போனது. பேராக்கிலும் கல்லுடைப்பு நடக்கிறது. எனவே எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்கள் கண்ணில் படும். பொறிக்கதவுச் சிலந்தியாக இருந்தால் மட்டும் இடத்தை மறைத்து ஏற்றுங்கள். அவற்றைப் பிடித்து விற்பவர்கள் உண்டு. வெற்று ஓடாக இருந்தாலும் எடுத்துவராதீர்கள், படம் போதும்.