விண்டோஸ் புதுசு, கணக்கு மாயம்! 'சி' டிரைவில் சிக்கும் கடைக்காரர்கள்

காரைக்குடி-

"அண்ணே, மிஷின் ஜோரா ஓடுது. ஆனா என் கணக்கு எங்கே?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் அடிக்கடி கேட்கும் அலறல் இது. "ரொம்ப மெதுவா ஓடுது, விண்டோசைப் புதுசா போட்டுடுங்க" என்று முதல் நாள் மிஷினைக் கொடுத்துப் போனவர்தான், மறுநாள் தலையில் கை வைத்து நிற்பார்.

"வேண்டியதை எடுத்து வச்சுட்டீங்களான்னு கேட்டேனே?"

"எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே இருந்துச்சே!"

கோளாறே அங்கேதான்.

இரண்டாங்கட்டு

டெஸ்க்டாப்பில் வைத்த பைல் எல்லாம் வழக்கமாக இருப்பது 'சி' டிரைவில். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோக்களும் அங்கேதான். விண்டோசுக்கும் அதுவே வீடு. 'சி'யை பார்மட் அடித்தால் எல்லாம் சேர்ந்தே காலி. டாலி கணக்கையும் வேறு இடம் காட்டாமல் விட்டால் 'சி'யில்தான் போட்டு வைக்கும்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பை இடித்துக் கட்டினாலும் இரண்டாங்கட்டில் உள்ள பெட்டகத்துக்கு ஒன்றும் ஆகாது. 'டி' டிரைவ் அந்த இரண்டாங்கட்டு. ஆனால் பல லேப்டாப்புகளில் 'டி'யே கிடையாது. வீடு முழுக்க ஒரே கூடம்! இருக்கிற 'டி'யையும், அவசரத்தில் பார்ட்டிஷனை எல்லாம் அழித்துவிட்டால், பறிகொடுக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. பழைய மிஷின்காரர்கள் இப்போது மாற்றித்தான் ஆகவேண்டும்.

கம்பெனியே கோட்டை விட்டது

தப்பு மெக்கானிக்குடையது மட்டுமல்ல. 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் விட்ட அப்டேட்டே சிலரது டாக்குமென்ட், போட்டோக்களை அழித்துவிட்டது. போல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களின் பழைய போல்டரை, உள்ளே பைல் இருப்பதைப் பார்க்காமலே துடைத்துப் போட்டது. புகார் வந்தது பத்தாயிரத்தில் ஒருவர் கணக்கில்தான் என்றது கம்பெனி. போன ஒருவருக்கு அதில் என்ன ஆறுதல்? சில நாளில் அப்டேட்டை நிறுத்தி, நவம்பர் 13-ந் தேதிதான் மறுபடி விட்டார்கள்.

10 நாள் கெடு

பார்மட் செய்யாமல், பழசின் மேலேயே புது விண்டோஸ் போட்டிருந்தால் பிழைத்தீர்கள். 'சி'யில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று ஒரு போல்டர் கிடக்கும். உள்ளே 'யூசர்ஸ்' பக்கம் பார்த்தால் பழைய பைல்கள் இருக்கும். ஆனால் சுமார் 10 நாளில் தானாகவே அழிந்துவிடும்.

பார்மட்டே ஆகிவிட்டதா? உடனே மிஷினை நிறுத்துங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால், சாதாரண பார்மட்டில் போவது பேரேட்டின் முன்பக்க அட்டவணை மாதிரிதான். மேலே வேறு எதுவும் எழுதப்படாத பக்கங்களை மீட்கலாம். எஸ்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் கைவிரிப்புதான்.

புது லேப்டாப்புகள் பலவற்றில் 'பிட்லாக்கர்' பூட்டு வேறு. டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கும். அந்த எண்ணையும் அதே மிஷினுக்குள்ளேயே டைப் செய்து வைத்திருக்கும் புண்ணியவான்களும் உண்டு!