கழுத்தில் செயற்கை டிஸ்க்: சுற்றி எலும்பு வளர்வது ஏன்?

சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளிலும் ராஜபாளையம் நூற்பாலைகளிலும் கழுத்துவலி புதிதல்ல. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) விலகி நரம்பை அழுத்தினால் வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கும். பெரும்பாலோருக்கு மாத்திரையிலும் பிசியோதெரபியிலும் அடங்கிவிடும். அடங்காதவர்கள் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். கெட்டுப்போன டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் ஒட்டவைப்பது பழைய முறை. அந்த இடத்தில் அசையும் செயற்கை டிஸ்கைப் பொருத்துவது புதியது. அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி 2007இல் கிடைத்தது.

அசைவுக்காகத்தான் கூடுதல் செலவு. ஆனால் சிலருக்கு அந்த டிஸ்கின் முன்னும் பின்னும் எலும்பு முளைத்து, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பாலம்போல் இணைத்துவிடுகிறது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் டாக்டர்கள் முன்பே பார்த்த சங்கதிதான் இது. கழுத்தில் இந்த வளர்ச்சியை அளக்க, முதுகெலும்பு டாக்டர் மெக்காஃபியின் குழு 2003இல் 0 முதல் 4 வரை படிநிலை வகுத்தது. 3 என்றால் பாலம் விழுந்தும் கொஞ்சம் அசைவு மிச்சம். 4 என்றால் முழுப் பூட்டு. செக் நாட்டு மருத்துவக் குழு ஒன்று 2010இல் வெளியிட்ட நான்காண்டுக் கணக்கில், பொருத்திய டிஸ்குகளில் 45 சதவீதம் மூன்றாம் நிலையையும் 18 சதவீதம் நான்காம் நிலையையும் எட்டியிருந்தன. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு வரவில்லை. டிஸ்கின் வகைக்கும் பார்க்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது.

ஏன் வளர்கிறது? டிஸ்கைப் பொருத்த எலும்பின் விளிம்பை டிரில்லால் செதுக்குகிறார்கள். அந்தத் தூள் தங்கினாலும், கழுத்தின் முன்புறத் தசை நசுங்கினாலும், அங்குள்ள செல்கள் எலும்பாக மாறத் தூண்டப்படும். டிஸ்க் அளவில் சிறியதாக இருந்து எலும்புப் பரப்பு திறந்தே கிடந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவேதான் தூளைக் கழுவி எடுப்பதும் சரியான அளவைத் தேர்வதும். ஆண்களுக்கும், வயதானவர்களுக்கும், ஏற்கெனவே எலும்பு முளை இருப்பவர்களுக்கும் இது அதிகம். சில டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் பின் சில நாள் வீக்கம் தணிக்கும் மாத்திரை தருகிறார்கள்; பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் மாத்திரை என்பதால் கடையில் கேட்டு வாங்கும் விஷயமல்ல.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்த உடனே ஆபரேஷன் தோற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். நரம்பின் அழுத்தம் நீங்கியிருந்தால் கைவலி பெரும்பாலும் திரும்பாது. பழைய முறையில் ஒட்டவைத்ததற்குச் சமமாகிவிடும், அவ்வளவே. அசைவுக்குக் கொடுத்த பணம்தான் வீண். பின்பக்கம் வளர்ந்து நரம்பை அழுத்தும் சிலருக்கே மறு ஆபரேஷன் வரை போகும்.

வலி போனதும் செக்கப்பை விட்டுவிடுகிறோம். இந்த எலும்போ வருடக்கணக்கில், சத்தமில்லாமல் வளர்வது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயை டாக்டர் சொல்லும் நாளில் எடுங்கள். டிஸ்கின் பெயர், அளவு உள்ள டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ஃபிலிமையும் பத்திரமாக வையுங்கள். கை மரத்துப்போனாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.