கமராவும் கணனியும்

கடைக்குச் செல்லாமலே பொருள் வாங்கும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. வாங்குவோர் முதலிற் காண்பது பொருளை அன்று, அதன் படத்தையே. அப்படத்தை நம்பியே பணமும் கைமாறுகின்றது. ஆதலின் அப்படம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலிற் கமராவின் வேலை. ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் படமெடுத்தல் எளிதென்று தோன்றும். ஆனால் மெருகிட்ட உலோகம் தன்னைக் காட்டுவதிலும் தன்னைச் சூழ்ந்தவற்றையே மிகுதியாகக் காட்டும். கூரை விளக்கு, சாளரம், படமெடுப்பவரின் முகம் யாவும் அதிலே தெரியும். எனவே தேர்ந்த படப்பிடிப்பாளர் கிண்ணத்தின்மேல் நேரே வெளிச்சம் பாய்ச்சுவதில்லை. அதனைச் சூழ வெண்துணியையும் வெள்ளை அட்டைகளையும் நிறுத்தி, அவற்றின் மீதே வெளிச்சத்தை விழச் செய்கின்றார். அவ்வெண்மை கிண்ணத்திற் படிந்து மென்மையான மினுக்கமாகின்றது. விளிம்பு பின்னணியோடு கலந்து மறைந்துவிடாதிருக்க, ஓரத்திலே கரிய அட்டையொன்றை வைக்கின்றார். கண்ணாடிப் பாத்திரமாயின், பெரும்பாலும் பின்புறத்திலிருந்தே வெளிச்சம் வருதல் வேண்டும். 'இஃது உயர்ந்த பொருள்' என்னும் எண்ணத்தைப் பார்ப்பவர் உள்ளத்தில் எழுப்புவதில் இந்த அற்ப அட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு.

கணனி முறையிலோ பொருளும் இல்லை, விளக்கும் இல்லை. சிறு சிறு முகங்கள் கொண்ட வலையாகப் பொருளின் வடிவத்தைக் கணனியில் அமைப்பர். மரத்தின் வரியோட்டம், துணியின் நெசவு முதலிய தன்மைகளை அதன்மேல் ஏற்றுவர். கற்பனை விளக்குகளையும் கற்பனைக் கமராவையும் நிறுத்தியபின், ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்பதைக் கணனி கணக்கிட்டுப் படத்தைத் தரும்.

சுவீடன் நாட்டுத் தளபாட நிறுவனமாகிய ஐக்கியாவின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. 1951ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் படங்கள் நிறைந்த பொருட்பட்டியல் நூலை வெளியிட்டு வந்தது. அதற்காகச் சமையலறைகளை முழுமையாகக் கட்டிப் படமெடுப்பர். அமெரிக்கர் சமையலறை ஒருவிதம், யப்பானியர் சமையலறை வேறொரு விதம். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பொருள்களைத் தருவித்து, கட்டி, மீண்டும் பிரித்தல் பெருஞ்செலவாயிற்று. 2006ஆம் ஆண்டிலே 'பெர்ட்டில்' என்னும் மர நாற்காலியின் கணனிப் படம் முதன்முறையாக அப்பட்டியலில் இடம்பெற்றது.

எல்லோரும் அதனை விரும்பினாரல்லர். 2009ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்தின் பொருட்பகுதியார் ஏறத்தாழ 200 படங்களைக் காட்டி, இவை மோசமானவை, கணனிப் படங்களை நிறுத்திவிட வேண்டும் என்று முறையிட்டனர். ஆராய்ந்து பார்த்தபோது, அவர்கள் வெறுத்தவற்றுட் பெரும்பாலானவை மெய்யான கமராப் படங்களாயும், நன்றென்றவை கணனிப் படங்களாயும் இருந்தன! இதன்பின் படப்பிடிப்பாளர் கணனியையும், கணனிக் கலைஞர் கமராவையும் கற்குமாறு ஏற்பாடாயிற்று. தம் தொழில் பறிபோகுமோ என்று ஏங்கக்கூடிய படப்பிடிப்பாளருக்கு இஃது ஒரு வழியைத் திறந்தது. நிறுவனத்துக்கும் இதனால் நட்டமில்லை. 2014ஆம் ஆண்டளவில் அதன் பொருட்படங்களில் நான்கில் மூன்று பங்கு கணனியில் உண்டாயின.

கணனிப் படத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் மிகையான செம்மையே. மெய்யான மேசையின் விளிம்பு கத்திமுனை போன்றதன்று. சற்றே மழுங்கிய அவ்விடத்தில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று நிற்கும். மெத்தையிலோ எவரோ எழுந்து சென்ற சுருக்கம் இருக்கும். பல்லாண்டு விளக்கின் கீழ் மரத்தையும் துணியையும் நகர்த்திப் பழகியவருக்கே இவை உடனே புலப்படும்.

கமராப் படமாயின் உண்மை, கணனிப் படமாயின் பொய் என்று கொள்ளுதலும் தவறு. அமெரிக்காவில் ஒரு சூப்பு நிறுவனம், கிண்ணத்தின் அடியிலே கண்ணாடிப் போளைகளை இட்டு, காய்கறித் துண்டுகள் மேலெழுந்து தோன்றும்படி விளம்பரப் படம் எடுத்தது. அச்செயல் 1970ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வாணிப ஆணைக்குழுவின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அங்கே இருந்த சூப்பும் மெய், கமராவும் மெய்.

ஐக்கியாவின் பட்டியல் நூலை நிறுத்தும் முடிவு 2020ஆம் ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டது. கணனி வடிவங்களோ வேறு பணிக்கு வந்துவிட்டன. 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட கைத்தொலைபேசிச் செயலி, நாற்காலியின் வடிவத்தை வாங்குவோர் தம் வீட்டு அறையிலேயே உரிய அளவில் நிறுத்திப் பார்க்க வழிசெய்தது. அங்கே வெள்ளை அட்டை பிடிப்பவர் எவரும் இல்லை.