காந்தப்புலமும் ஆண், பெண் உடல்களும்: அபாயங்கள், உரிமைகள், தீர்வுகள்

ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்று பிரித்துக் காந்த வளையல்களை விற்பவர்கள் சொல்வதுபோல், மனிதத் திசுக்களின் காந்த இயல்பில் பால் வேற்றுமை இல்லை. இருபாலர் உடலும் பெரும்பாலும் நீரால் ஆனதாகையால் காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படும் தன்மையே, அதாவது டயாகாந்தத்தன்மையே, அதில் மேலோங்கி நிற்கிறது. ஆண்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்று மிகுதி என்றாலும், அதிலுள்ள இரும்பு ஆணியைப்போல் காந்தத்தோடு ஒட்டுவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்துக்குப் பொதுமக்கள் வரம்பாகப் பன்னாட்டு வழிகாட்டுதல் 2010இல் பரிந்துரைத்த 200 மைக்ரோடெஸ்லாவும் இருபாலர்க்கும் ஒன்றே.

உடலின் நிலையும், உடலிலும் உடையிலும் உள்ள பொருள்களுமே அபாயத்தை வேறுபடுத்துகின்றன. புவியின் காந்தப்புலத்தைவிட 20,000 மடங்குக்கும் மேல் வலிமையுள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் இது தெளிவாகும். கர்ப்பிணிக்கு எடுக்கப்படும் சாதாரண எம்.ஆர்.ஐ.யால் கருவுக்குத் தீங்கு நேர்வதாக நிறுவப்படவில்லை. ஆயினும் படம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசிவழி செலுத்தப்படும் காடோலினிய மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டுவதால், இன்றியமையாத நிலையில் மட்டுமே அது தரப்படுகிறது. காப்பர்-டி பொதுவாகத் தடையாவதில்லை. மார்பகச் சீரமைப்புக்காகப் பொருத்தப்படும் காந்தமுள்ள திசு விரிப்பான்களோ இடம்பெயரக்கூடும். தாலிச் சரட்டில் கோத்த ஊக்கும் கொண்டை ஊசியும் ஈர்க்கப்பட்டுப் பாயும். இரும்பு ஆக்சைடு கலந்த கண் மை எரிச்சலூட்டும். லேத், வெல்டிங் பட்டறைகளில் பெரும்பாலும் ஆண்களே பணிபுரிவதால், கண்ணில் தங்கிய இரும்புத் துகள் நகர்ந்து பார்வையைப் பாதிக்கும் அபாயம் அவர்களுக்கே மிகுதி. பேஸ்மேக்கர் உடையோர் இருபாலராயினும் அதன் வகையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டறிந்து ஆவணப்படுத்துவது ஸ்கேன் மையத்தின் கடமை; விளக்கம் பெற்ற பின்னரே ஒப்புதல் அளிப்பது நோயாளியின் உரிமை. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாகவோ ஆண்மைக்குறைவையும் பெண் மலட்டுத்தன்மையையும் போக்குவதாகவோ விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது; உடலின் இயக்கத்தை மாற்றுவதற்கென விற்கப்படும் காந்தப் பொருளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். ஏமாற்றப்பட்டோர் இரசீதையும் விளம்பரத்தையும் பாதுகாத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட வேண்டும். தேவையெனில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.