குலுக்கலுக்கு விதி போட்டால்

2021 டிசம்பர் 13. சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்தின் 'கடைசி 16' சுற்றுக்குக் குலுக்கல் நடந்தது. முந்தைய சுற்றில் ஒரே பிரிவில் ஆடிய அணிகளும், ஒரே நாட்டு அணிகளும் மோதக்கூடாது என்பது அப்போதைய விதி. எந்தெந்தப் பந்துகளைக் கிண்ணத்தில் போடலாம் என்று ஒரு மென்பொருள் சொல்ல வேண்டும். அது பிசகிவிட்டது. வில்லாரியல் அணிக்கு, அதே பிரிவில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. அதை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். அடுத்து அத்லெடிகோ மாட்ரிட்டின் முறை வந்தபோது, இருக்க வேண்டிய யுனைடெட் பந்து கிண்ணத்தில் இல்லை. இருக்கக்கூடாத லிவர்பூல் பந்து இருந்தது. அன்றே மொத்தத்தையும் ரத்து செய்து, முதலிலிருந்து குலுக்கினார்கள்.

விதியில்லாத குலுக்கல் கணினிக்கு எளிது. புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938இல் எழுதிய முறை இன்றும் பயன்படுகிறது. விதி ஒன்று நுழைந்தால்தான் சிக்கல்.

கலா, பாபு, ரவி, மீனா நால்வரும் சீட்டெடுத்துப் பரிசு கொடுக்கிறார்கள். யாருக்கும் அவரவர் பெயரே வரக்கூடாது. மொத்தம் 24 வரிசைகளில் 9 மட்டுமே செல்லும். நியாயமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு வேண்டும். ஆனால் ஒவ்வொருவராக, தம் பெயரையும், பின்னால் எடுப்பவருக்கு வழியை அடைத்துவிடும் பெயரையும் தவிர்த்து எடுத்தால் என்ன ஆகும்? கலா ரவியின் சீட்டை எடுத்துவிட்டால், பாபுவுக்கு மிஞ்சுவது கலா, மீனா சீட்டுகள். கலாவை எடுத்தால் மற்ற இருவருக்கும் ஒரே வழிதான். மீனாவை எடுத்தால் இரண்டு வழிகள். ஆகவே முதல் வரிசைக்கு ஆறில் ஒரு பங்கு, மற்ற இரண்டுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குதான். விதி மீறப்படவில்லை, பாரபட்சம் மட்டும் உள்ளே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததால் இதுதான் பெரிய ஆபத்து.

நேர்மையான வழி, முழுக்கக் குலுக்கிப் பார்த்து, ஒருவருக்கு அவர் பெயரே வந்தாலும் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி குலுக்குவது. வீண்வேலை போலத் தோன்றும், அப்படியில்லை. பத்துப் பேருக்கு 36,28,800 வரிசைகள்; அவற்றில் 13,34,961 செல்லும். ஆயிரம் பேரானாலும் விகிதம் ஏறக்குறைய 36.8 சதவீதமே. சராசரியாக மூன்று முறைக்குள் முடிந்துவிடும்.

எல்லா விதிக்கும் இது உதவாது. பத்து மாணவர்களின் வரிசையைக் குலுக்க வேண்டும், யாரும் ஓரிடத்துக்கு மேல் நகரக்கூடாது என்றால், தேறுவது 89 வரிசைகள்தான். சராசரியாக நாற்பதாயிரம் முறைக்கு மேல் குலுக்க வேண்டும். அப்போது செல்லுபடியாகும் ஒரு வரிசையில் தொடங்கி, ஏதேனும் இருவரை இடம் மாற்றி, விதி பொருந்தினால் ஏற்று, இல்லாவிட்டால் பழையபடி விட்டு, இப்படியே பலமுறை செய்வார்கள். இந்த மாற்றங்கள் எல்லா வரிசைகளையும் எட்டுமா என்பதை முன்பே சரிபார்க்க வேண்டும்.

பரிசுச் சீட்டுக்கு நிரல் எழுதினால், அதை நான்கு பேருக்கு 90,000 முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்பது வரிசைகளும் தலா பத்தாயிரத்தை ஒட்டி வராவிட்டால், அந்த நிரலைப் பயன்படுத்தாதீர்கள்.