அருகலையும் அவையடக்கமும்

'வைஃபை' என்பதற்குத் தமிழில் 'அருகலை' என்னும் சொல் வழங்குகிறது. 'அருகு', 'அலை' என்னும் இரு சொற்கள் புணர்ந்து அமைந்தது இச்சொல். பெருநிறுவனம் ஒன்றின் கம்பியில்லா வலையமைப்பை நிருவகிப்போர் மறக்கலாகாத உண்மை ஒன்று இதனுள் அடங்கியுள்ளது: அலை அருகிலேயே நிற்றல் வேண்டும்.

பல மாடி அலுவலகம் ஒன்றில் இணைப்புத் தடைப்பட்டால், அலைபரப்பியின் வலிமையைக் கூட்ட வேண்டும் என்னும் கோரிக்கையே முதலில் எழும். ஆனால் ஆள் நிறைந்த அலுவலகத்தில் குறை பெரும்பாலும் வலிமையில் இல்லை, நெரிசலில் உள்ளது. ஒரே அலைத்தடத்தில் இரு கருவிகள் ஒருசேரப் பேசினால் இரண்டின் செய்தியும் சிதையக்கூடும். 1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய 'அலோகா' வானொலி வலையமைப்பு இச்சிக்கலை எதிர்கொண்டது. அங்கே செய்தி சிதைந்தால், அனுப்பிய நிலையம் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். எவ்வளவு நேரம் என்பது குருட்டாம்போக்கில் அமையும். ஆதலால் இரு நிலையங்கள் மீண்டும் மோதுவது அரிதாகும். 1997இல் வெளிவந்த அருகலைத் தரமுறையோ, பேசுமுன் கேட்க வேண்டும் என்னும் நெறியையும் வகுத்தது. பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருத்தல் என்னும் உரையாடல் மரபே இது.

இந்நெறியால்தான் உரத்த குரல் கேடாகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒன்றோடொன்று குறுக்கிடாத தடங்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஆகவே, பெரிய கட்டடத்தில் ஒரே தடத்தைப் பல அலைபரப்பிகள் பகிர நேரிடும். அவற்றுள் ஒன்று உரக்கப் பேசினால், தொலைவிலுள்ள மற்றவையும் அதனைக் கேட்டு வாய்மூடிக் காத்திருக்கும். மேலும், அதன் குரல் கைப்பேசியை எட்டினாலும், கைப்பேசியின் மெல்லிய குரல் அதனை எட்டுவதில்லை.

எனவே, தேர்ந்த நிருவாகி வலிமையைக் குறைக்கிறார். அடுத்தடுத்த அலைபரப்பிகளுக்கு வெவ்வேறு தடங்களை ஒதுக்குகிறார். தடங்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குக் கருவிகளை ஈர்க்கிறார். அப்பட்டையின் அலைகள் சுவர்களை எளிதில் கடப்பதில்லை. வீட்டில் அது குறை. நெரிசல் மிக்க அலுவலகத்தில் அதுவே நன்மை. மெதுவாகப் பேசும் பழைய கருவி அவையின் நேரத்தை நெடிது எடுத்துக்கொள்ளும் என்பதால், மிகக் குறைந்த வேகங்களையும் அவர் நீக்கிவிடுகிறார்.

நாற்பது மாணவர் ஒருசேரப் பேசும் வகுப்பில் ஆசிரியர் குரலை உயர்த்துவதால் பயன் விளைவதில்லை. சிறு குழுக்களாகப் பிரித்துத் தாழ்ந்த குரலில் பேசச் செய்தால் எல்லாரும் பேச இயலும். கலைச்சொல்லை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், பிரித்துக் காட்டியும் கற்பிப்போம். 'அருகலை' என்பதன் முற்பாதியைப் புரிந்துகொண்ட மாணவர், வலையமைப்பு நிருவாகத்தின் முதற்பாடத்தையும் புரிந்துகொண்டவர் ஆவார்.