சார்ஜ்பேக் வந்தா பழைய பில்லை டெலீட் பண்ணாதீங்க: சைடு பிசினஸ் கணக்கை எப்படி எழுதணும்?

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை. லீவு நாள்ல விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில இறங்கி, எம்.சி. ரோட்ல துணி எடுத்துட்டு வந்து, ராயபுரத்துல ஒரு சின்ன ரூம்ல ஜெர்சி பிரின்ட் பண்ணி ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். சம்பளம் ஒரு பக்கம், சைடு பிசினஸ் ஒரு பக்கம். இப்படி ரெண்டு வண்டி ஓட்டுற நிறைய பேருக்கு விற்பனை, லாபம் எல்லாம் புரியுது. குழப்பம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. அதுதான் சார்ஜ்பேக்.

இந்த வாரம் ஆன்லைன்ல 5,000 ரூபாய்க்கு வித்தீங்க. பேமென்ட் கேட்வே கமிஷன் போக சுமார் 4,880 வரணும். ஆனா பேங்க்ல வந்தது 2,546 ரூபாய்தான். எங்க போச்சு மிச்சம்? ரெண்டு மாசம் முன்னாடி கோயம்புத்தூர்ல ஒருத்தருக்கு வித்த 4 ஜெர்சிக்கான பணத்தை அவரோட பேங்க் திருப்பி எடுத்துக்கிச்சு. இதை டாலியிலயோ ஜோஹோ புக்ஸ்லயோ எப்படி எழுதுறதுங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

ரீஃபண்ட் வேற, சார்ஜ்பேக் வேற

ரீஃபண்ட்ல பணத்தைத் திருப்பித் தர்றது நீங்க. சார்ஜ்பேக்ல உங்ககிட்ட கேக்காமலே பணம் போகும். கஸ்டமர் தன்னோட பேங்க்ல "இது நான் பண்ண பேமென்ட் இல்ல", "பொருளே வரல", "வந்த பொருள் சரியில்ல"ன்னு புகார் கொடுப்பார். பேங்க் கார்டு நெட்வொர்க் வழியா உங்க கேட்வேகிட்ட பணத்தைக் கேக்கும். கேட்வே உங்க அடுத்த செட்டில்மென்ட்ல அதைக் கழிச்சுக்கும். அதுக்கப்புறம் நீங்க ஆதாரம் கொடுத்து வாதாடலாம்.

கிரெடிட் கார்டு பில்லை எதிர்த்துக் கேள்வி கேக்குற உரிமை, அமெரிக்காவுல 1974-ல வந்த ஒரு சட்டத்துல இருக்கு. இன்னைக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகள்ல பெரும்பாலான புகாருக்கு 120 நாள் வரைக்கும் அவகாசம். நம்ம ஊர்ல ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை, பேங்க்கோ கஸ்டமரோ காரணமில்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள்ள தெரிவிச்சா கஸ்டமருக்கு நஷ்டமே கிடையாதுன்னு சொல்லுச்சு. யுபிஐயிலயும் சார்ஜ்பேக் உண்டு. 2025 பிப்ரவரி 15 முதல், பணம் பெற்ற வங்கி தர்ற பதிலை வெச்சு யுபிஐ சார்ஜ்பேக்கை சிஸ்டமே ஏத்துக்கிற, நிராகரிக்கிற முறையை என்பிசிஐ கொண்டு வந்துச்சு.

கணக்கு எழுதுறவங்களுக்கு இதுல முக்கியமானது அந்த 120 நாள். பிப்ரவரியில வித்ததுக்கு மே மாசத்துல பணம் திரும்பிப் போகலாம். நடுவுல நிதியாண்டே மாறியிருக்கும்.

பொதுவா நடக்குற 3 தப்பு

தப்பு 1: பேங்க்ல வந்த 2,546-ஐ அப்படியே "விற்பனை"ன்னு எழுதுறது. காசிமேட்டு விசைப்படகு கணக்கை யோசிச்சுப் பாருங்க. ஏலத்துல மீன் போன விலை முதல்ல வரும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு அதுல இருந்து கழியும். மிச்சம்தான் பங்கு. கைக்கு வந்த பங்கை "மீன் போன விலை"ன்னு யாரும் எழுத மாட்டாங்க. உங்க விற்பனை 5,000. அதைத்தான் எழுதணும்.

தப்பு 2: பழைய பில்லை டெலீட் பண்றது. அந்த பில் ஏற்கெனவே ஜிஎஸ்டிஆர்-1ல போயிருக்கும். உங்க சாஃப்ட்வேர்ல அழிச்சாலும் போர்ட்டல்ல அழியாது. அந்த ஜிஎஸ்டி விற்பனைத் தொகை உங்க ஏஐஎஸ்லயும் வரும். உங்க கணக்கு ஒண்ணு, போர்ட்டல் ஒண்ணுன்னு நின்னா நோட்டீஸுக்குப் பதில் சொல்றது நீங்கதான். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், மாத்தின ஒவ்வொரு என்ட்ரியோட தடமும் பதிவாகுற சாஃப்ட்வேர் கட்டாயம். தனிநபர் தொழிலுக்கு அது கட்டாயம் இல்ல, ஆனா பழக்கம் நல்ல பழக்கம்.

தப்பு 3: சார்ஜ்பேக் வந்த அன்னைக்கே முழுசா நஷ்டம்னு எழுதிடறது. கேஸ் இன்னும் முடியலையே! நீங்க ஜெயிச்சா பணம் திரும்ப வரும்.

முதல்ல இந்த 4 லெட்ஜர் போடுங்க

1. கேட்வே கிளியரிங் (கரன்ட் அசெட்ஸ் கீழ): கேட்வே கையில இருக்கிற உங்க பணம்.
2. சார்ஜ்பேக் விசாரணையில் (கரன்ட் அசெட்ஸ் கீழ): வாதாடிக்கிட்டு இருக்கிற பணம்.
3. கேட்வே கட்டணம் (செலவு).
4. சார்ஜ்பேக் நஷ்டம் (செலவு).

இப்போ என்ட்ரி

நீங்க ஜிஎஸ்டி பதிவு எடுத்தவர்னு வெச்சுக்குவோம். ஒரு ஜெர்சி 500 ரூபாய், 4 ஜெர்சி 2,000. 5% ஜிஎஸ்டி 100. மொத்தம் 2,100. கேட்வே கமிஷன் 2% (42 ரூபாய்), அதுக்கு 18% ஜிஎஸ்டி 7.56.

வித்த அன்னைக்கு:
- சேல்ஸ் வவுச்சர் (எஃப்8): கஸ்டமர் டெபிட் 2,100, விற்பனை கிரெடிட் 2,000, சிஜிஎஸ்டி 50, எஸ்ஜிஎஸ்டி 50 கிரெடிட்.
- ரிசீப்ட் (எஃப்6) அல்லது ஜர்னல் (எஃப்7): கேட்வே கிளியரிங் டெபிட் 2,100, கஸ்டமர் கிரெடிட் 2,100.
- கமிஷன்: கேட்வே கட்டணம் டெபிட் 42; இன்புட் ஜிஎஸ்டி டெபிட் 7.56, கேட்வே கிளியரிங் கிரெடிட் 49.56.
- செட்டில்மென்ட்: பேங்க் டெபிட் 2,050.44, கேட்வே கிளியரிங் கிரெடிட் 2,050.44.

இப்போ கிளியரிங் லெட்ஜர் பூஜ்ஜியம். சரியா இருக்கு.

சார்ஜ்பேக் வந்த வாரம் (தேதி முக்கியம், பணம் கழிச்ச தேதியைத்தான் போடணும், வித்த தேதியை இல்ல):
- புது விற்பனை: கேட்வே கிளியரிங் டெபிட் 5,000.
- அதுக்கு கமிஷன், ஜிஎஸ்டியோட: கிளியரிங் கிரெடிட் 118.
- ஜர்னல்: சார்ஜ்பேக் விசாரணையில் டெபிட் 2,100, கிளியரிங் கிரெடிட் 2,100.
- சில கேட்வே சார்ஜ்பேக்குக்குத் தனிக் கட்டணமும் போடும். உதாரணத்துக்கு 200, ஜிஎஸ்டி 36: கிளியரிங் கிரெடிட் 236.
- பேங்க் டெபிட் 2,546. கிளியரிங் கிரெடிட் 2,546.

5,000-ல 118, 2,100, 236 போனா 2,546. லெட்ஜர் மறுபடியும் பூஜ்ஜியம். ஜோஹோ புக்ஸ்ல இதே ஜர்னலை மேனுவல் ஜர்னல்ல போடலாம். ஜர்னலோட குறிப்புல பழைய பில் நம்பரையும் கேட்வே கொடுத்த கேஸ் நம்பரையும் கட்டாயம் எழுதுங்க.

முடிவு வந்ததும் 3 வழி

வழி 1, நீங்க ஜெயிச்சீங்க. பணம் திரும்ப வரும். கிளியரிங் டெபிட் 2,100. விசாரணையில் கிரெடிட் 2,100. அவ்வளவுதான். இதைப் புது விற்பனைன்னு எழுதிடாதீங்க, ஒரே ஜெர்சிக்கு ரெண்டு தடவை வரி கட்டுவீங்க.

வழி 2, தோத்தீங்க, ஆனா பொருள் திரும்பி வந்துச்சு, இல்ல பொருள்ல நிஜமாவே குறை. கிரெடிட் நோட் போடுங்க (டாலி பிரைம்ல ஆல்ட்+எஃப்6). விற்பனைத் திருப்பம் டெபிட் 2,000, சிஜிஎஸ்டி 50, எஸ்ஜிஎஸ்டி 50 டெபிட். விசாரணையில் கிரெடிட் 2,100. ஜிஎஸ்டி குறையும். ஆனா கெடு இருக்கு: விற்ற நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போட்ட தேதி, எது முந்தியோ அதுக்குள்ள. பொருள் கைக்கு வந்திருந்தா ஸ்டாக்ல சேருங்க. கஸ்டமர் பேரு பிரின்ட் பண்ண ஜெர்சியை மறுபடி விக்க முடியாதுன்னா அதோட மதிப்பைக் குறைங்க.

வழி 3, தோத்தீங்க, பொருளும் போச்சு. டெலிவரி ஆயிடுச்சு, ஆனா அது திருட்டு கார்டு. இல்ல, வாங்கிட்டு "வாங்கல"ன்னு சொல்லிட்டார். சார்ஜ்பேக் நஷ்டம் டெபிட் 2,100; விசாரணையில் கிரெடிட் 2,100. இங்க கிரெடிட் நோட் கிடையாது. நீங்க கட்டின 100 ரூபாய் ஜிஎஸ்டி திரும்ப வராது, ஏன்னா சட்டத்தோட பார்வையில விற்பனை நடந்துடுச்சு. பிரிட்டன்ல வாராக்கடனுக்கு 6 மாசம் கழிச்சு வாட் வரியைத் திரும்பக் கேக்கலாம். நம்ம ஜிஎஸ்டியில அந்த வசதி இல்ல.

கூரியர்லயே பொருள் தொலைஞ்சு போனா இன்னொரு விஷயம்: அந்தப் பொருளை வாங்கினப்போ எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். உங்க ஆடிட்டர்கிட்ட அந்த ஒரு பில்லைத் தனியா காட்டுங்க.

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய வருமான வரி

சைடு பிசினஸ் இருந்தா ஐடிஆர்-1 செல்லாது. 44ஏடின்னு நாம பழகின உத்தேச வரித் திட்டத்துல போறீங்கன்னா, டிஜிட்டலா வந்த விற்பனையில குறைஞ்சது 6% லாபம்னு காட்டணும். அதுலயே எல்லாச் செலவும் அடக்கம். வழி 3-ல வந்த நஷ்டத்தைத் தனியா கழிக்க முடியாது. வழி 2-ல கிரெடிட் நோட் போட்டா விற்பனையே குறையும். அதனாலதான் எந்த வழின்னு சரியா பிரிக்கிறது முக்கியம்.

முழுக் கணக்கு எழுதி ஐடிஆர்-3 போடுறவங்களுக்கு சார்ஜ்பேக் நஷ்டம், கேட்வே கட்டணம் ரெண்டும் பிசினஸ் செலவு. ஆனா பிசினஸ் மொத்தமா நஷ்டத்துல போனாலும் அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. ரிட்டர்னை நேரத்துக்குப் போட்டிருந்தா 8 வருஷம் வரைக்கும் பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம்.

சம்பள அக்கவுன்ட்ல கியூஆர் வெச்சிருக்கீங்களா?

இது கணக்கைவிட பெரிய ஆபத்து. உங்களுக்குப் பணம் அனுப்பினவர் மோசடிப் பணத்தை அனுப்பியிருந்தா, ஏமாந்தவர் 1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம். அந்தப் பணம் போன தடத்துல உங்க அக்கவுன்ட் இருந்தா பேங்க் அந்தத் தொகைக்கு லீன் போடும். சில நேரம் அக்கவுன்ட்டே முடங்கும். அது உங்க சம்பள அக்கவுன்ட்டா இருந்தா 1-ம் தேதி சம்பளம் வரும், 5-ம் தேதி இஎம்ஐ போகாது. ஒரு ஜெர்சி விவகாரத்துக்காக உங்க சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

அதனால பிசினஸுக்குத் தனி கரன்ட் அக்கவுன்ட் வைங்க. லீன் விழுந்தா அதை நஷ்டம்னு எழுதாதீங்க. பணம் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு, எடுக்கத்தான் முடியாது. "பேங்க் லீன்"னு ஒரு லெட்ஜருக்கு மாத்தி வெச்சுட்டு, பேங்க்ல புகார் நம்பரைக் கேட்டு வாங்கி, பில்லையும் டெலிவரி ஆதாரத்தையும் எழுத்துல கொடுங்க.

ஒவ்வொரு ஆர்டருக்கும் இந்த 4 ஆதாரம்

பில், கஸ்டமரோட ஆர்டர் மெசேஜ், பேக் பண்ணும்போது எடுத்த போட்டோ, கூரியர் டெலிவரி ரசீது. நாலையும் பில் நம்பர் பேர்ல ஒரே ஃபோல்டர்ல போடுங்க. சார்ஜ்பேக்குக்குப் பதில் சொல்ல கேட்வே சில நாள்தான் கொடுக்கும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தேடிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள நேரம் போயிடும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. 4 லெட்ஜரைத் திறங்க, கடந்த 4 மாச கேட்வே ரிப்போர்ட்டை டவுன்லோடு பண்ணி ஒவ்வொரு செட்டில்மென்ட்டையும் பேங்க்கோட ஒப்பிட்டுப் பாருங்க. கடைசியில கிளியரிங் லெட்ஜர்ல மிச்சம் நிக்கிற தொகை, கேட்வே இன்னும் அனுப்ப வேண்டிய பணத்துக்குச் சமமா இருக்கணும். இல்லேன்னா உங்களுக்குத் தெரியாம ஒரு சார்ஜ்பேக் எங்கயோ கழிஞ்சிருக்கு. பதில் சொல்ற கெடு முடியறதுக்குள்ள அதைக் கண்டுபிடிங்க.